முழங்கை எட்டும் தூரம்

என் தம்பி கேலன் தீயில் மாட்டிக்கொண்ட அன்று அந்தத் தீயை யாரும் பார்க்கவில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் மண் தடத்தில் ஓடும் பந்தய வண்டிகளுக்கு மெத்தனால்தான் எரிபொருள். பகல் வெளிச்சத்தில் அதன் ஜுவாலை கண்ணுக்குத் தெரியாது, புகையும் வராது. கவிழ்ந்து நிமிர்ந்த வண்டிக்குள் அவன் இரண்டு கைகளையும் உதறி உதறி அடித்துக்கொண்டிருந்தான். பந்தயம் போய்விட்ட கோபத்தில் ஸ்டீயரிங்கைக் குத்துகிறான் என்று நினைத்தோம். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் மனைவி மார்லா மட்டும் எழுந்து நின்று, "அவன் அப்படிப் பண்றவன் இல்லையே" என்றாள். அவள் வேலியைத் தாண்டி ஓடுவதற்குள் அவன் கையுறைகள் கையோடு ஒட்டிவிட்டன.

பிழைத்தான். முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஹெல்மெட் காப்பாற்றியது. கைகள்தான் போயின. வலது கை விரல்கள் மடங்கிய நிலையிலேயே நின்று கொக்கி மாதிரி ஆயின. இடது கையில் கட்டைவிரல் மட்டும் சொன்னபடி கேட்டது, மற்ற நான்கும் ஒன்றோடொன்று ஒட்டித் துடுப்பு மாதிரி இருந்தன. தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல் இழுத்தால் நீளாது, கிழியும். வீட்டுக்கு வந்தபிறகு கட்டு மாற்றுவது, எண்ணெய் தடவுவது, மருத்துவர் சொன்னபடி ஒவ்வொரு விரலாகப் பிடித்து நீட்டிவிடுவது எல்லாம் மார்லாதான். அவன் கத்துவான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டுவாள்.

இரண்டாவது இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் நேராக என் பட்டறைக்கு வந்தான். நான் பகலில் டிரெய்லர் கம்பெனியில் வெல்டர். வீட்டுக்குப் பின்னால், பழைய கோழிக்கொட்டகையில் என் சொந்த வெல்டிங் மிஷின் இருக்கிறது. அவன் வண்டியும் அங்கேதான் தார்ப்பாய் மூடிக் கிடந்தது.

"பெவ், இதை மறுபடி ஒண்ணுசேர்க்கணும்" என்றான்.

"விக்கிறதுக்கா?"

"ஓட்டுறதுக்கு."

"எதை வச்சு ஓட்டுவே? மூக்காலயா?"

அவன் சிரிக்கவில்லை. தார்ப்பாயைக் கொக்கிக் கையால் இழுத்துத் தள்ளிவிட்டு, கம்பிக் கூண்டுக்குள் இறங்கி உட்கார்ந்தான். ஸ்டீயரிங்கை அவனால் பிடிக்க முடியவில்லை, ஆனால் வலது கையை அதன்மேல் மாட்டி, இடது கையால் மறுபக்கம் அழுத்தி, தோளால் திருப்பினான். திரும்பியது. "பார்த்தியா" என்றான். இரண்டு வருடத்தில் அவன் முகத்தில் நான் பார்த்த முதல் வெளிச்சம் அது. என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

எஞ்சின் எப்போதுமே டென்வர் ஷிர்க்குடையது. டென்வர் பன்றிப் பண்ணை வைத்திருப்பவன், பள்ளிக்காலத்திலிருந்து கேலனின் கூட்டாளி. செய்தி கேட்டதும் அன்று மாலையே ஒரு பை நிறைய, பன்றிக்கறியும் சோளமாவும் சேர்த்து இறுக்கிய ஸ்க்ராப்பிள் கட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"உன் கை இருந்தப்பவே நீ மோசமாத்தான் ஓட்டினே. இப்ப என்ன பெரிய வித்தியாசம் வந்துடப் போவுது?" என்றான். அப்படிச் சொல்லக்கூடியவன் அவன் ஒருவன்தான். கேலன் வாய்விட்டுச் சிரித்தான்.

மார்லா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தோம். போடவில்லை. நவம்பரில், நன்றி கூறும் நாளுக்கு முந்திய வாரம், ஒரு அட்டைப்பெட்டியைப் பட்டறை மேசைமேல் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே ஒரு சிவப்பு பாட்டில், இரும்புப் பட்டைகள், அலுமினியக் குழாய், இரண்டு நாசில், நீளமான ஒரு கேபிள், அதன் நுனியில் டி எழுத்து மாதிரி ஒரு கைப்பிடி. தீயணைப்புச் சாதனம். கைப்பிடியை இழுத்தால் பாட்டிலில் இருக்கும் நுரை நாசில் வழியாக ஓட்டுபவன் மடிமேலும், முதுகுக்குப் பின்னால் உள்ள எரிபொருள் தொட்டிமேலும் பீய்ச்சும். தொட்டிப் பக்கத்து நாசிலில் ஒரு கண்ணாடிக் குமிழும் உண்டு. சூடு ஏறினால் அது தானே வெடித்துத் திறந்துவிடும்.

"இதை மாட்டுங்க" என்றாள் மார்லா. "பெல்ட் எல்லாம் இறுக்கிப் போட்டுக்கிட்டு, கையுறை மாட்டிக்கிட்டு, கேலன் இதை அவனே இழுக்கணும். இழுத்துட்டான்னா நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். வந்து உக்காந்து பார்க்கவும் செய்வேன்."

"குமிழ் தானே வெடிக்குமே" என்றான் டென்வர்.

"அது வெடிக்கிற அளவுக்குச் சூடு வர்றதுக்குள்ள கை என்ன ஆகும்? அதை அவன்கிட்டயே கேளு."

கேலன் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டான். அவள் சம்மதித்துவிட்டாள் என்று நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பாட்டிலை மாட்டுவது கஷ்டமில்லை. இருக்கைக்கு இடப்பக்கம், கூண்டின் அடிக்கம்பியில் ஒரு தகடு வைத்து வெல்டிங் பண்ணி, இரும்புப் பட்டையால் இறுக்கினேன். வண்டி எத்தனை குட்டிக்கரணம் போட்டாலும் அது அசையக்கூடாது. ஒரு நாசிலை அவன் நெஞ்சுக்கும் மடிக்கும் நடுவில் பார்க்கும்படி வளைத்தேன், இன்னொன்று தொட்டிக்கு. கேபிளைக் கூர்மையாக எங்கேயும் மடக்காமல் டாஷ்போர்டு வரைக்கும் கொண்டுவந்தேன். பாட்டிலை வீணாக்காமல் சோதித்துப் பார்க்க டென்வர் ஒரு வழி சொன்னான். கேபிளின் மறுமுனையைப் பாட்டிலிலிருந்து கழற்றி, டிரவுட் மீன் எடைபோடும் அவனுடைய ஸ்பிரிங் தராசில் மாட்டினோம். முள் இருபது பவுண்டைத் தாண்டினால் பாட்டில் திறந்துகொள்ளும் என்று அர்த்தம்.

கேலனை உட்காரவைத்து பெல்ட்டை இறுக்கினோம். கையுறை போட்டுவிட்டேன். அவன் கையை நீட்டி, கொக்கி விரல்களை டி கைப்பிடிமேல் வைத்தான். கை வழுக்கியது. மறுபடி வைத்தான். மறுபடி வழுக்கியது. இடது கையால் முயன்றான். தராசு முள் மூன்றைக்கூடத் தொடவில்லை.

"கைப்பிடி சின்னதா இருக்கு" என்றான்.

பெரிய வளையம் ஒன்று செய்தேன். வெறும் கையை, குனிந்து பார்த்து, நிதானமாக நுழைத்தால் மாட்டியது. கையுறையோடு மாட்டவில்லை. வளையத்தை இன்னும் பெரிதாக்கினேன். இப்போது மாட்டியது. அவன் மூச்சை இழுத்துக்கொண்டு ஒரே வெட்டாக இழுத்தான். முள் பதினெட்டுக்குப் போனது, டென்வர் "இன்னும், இன்னும்" என்று கத்தினான், கேலனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. கையுறையைக் கழற்றினால் உள்ளே ரத்தம். விரல் மடிப்பில் ஒட்டுத்தோல் நீளமாகக் கிழிந்திருந்தது.

மறுநாள் மதிய இடைவேளையில் நான் மார்லாவைப் பார்க்கப் போனேன். அவள் ஊர் மருந்துக்கடையில் கவுன்டரில் நிற்பவள். கடைக்குப் பின்னால், குப்பைத்தொட்டிகள் பக்கத்தில் நின்று ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள். கிழிந்த தோலுக்கு அவள்தான் இரவு கட்டுப்போட்டிருப்பாள் என்பது எனக்குத் தெரியும்.

"அவனால இழுக்க முடியாதுன்னு உனக்கு முன்னாடியே தெரியும்" என்றேன்.

அவள் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள். "ரெண்டு வருஷமா தெனமும் அந்தக் கையைப் பிடிச்சு நீட்டுறேன் பெவ். எந்த விரல்ல எவ்வளவு பலம்னு அவனைவிட எனக்குத் தெரியும்."

"அப்ப எதுக்கு வாங்கினே?"

"டாக்டர் சொன்னா கேக்கமாட்டான். நான் சொன்னா, பயந்தாங்கொள்ளின்னு என்னைச் சொல்லிட்டு ஓட்டப் போயிடுவான். வண்டியே உன்னால முடியாதுன்னு சொன்னா நம்புவான் இல்ல? அவனே உக்காந்து, அவனே இழுத்துப் பார்த்து, அவனே எறங்கட்டும். நான் தடுத்தேன்னு இருக்க வேணாம்."

"இது ஏமாத்து இல்லையா?"

"வேற வழி சொல்லு, செய்றேன்."

குளிர்காற்று அடித்தது. அவள் ஆப்பிளைப் பாதியில் எறிந்துவிட்டு, "அவன்கிட்ட சொல்லிடுவியா?" என்று கேட்டாள்.

"மாட்டேன்" என்றேன். சொன்னபடி இருந்தேன்.

ஆனால் மார்லாவுக்குக் கையைத் தெரிந்த அளவுக்கு அவன் பிடிவாதம் தெரியவில்லை. பனிக்காலம் முழுவதும் அவன் என் பட்டறையில்தான் கிடந்தான். மணிக்கட்டில் மாட்டும் தோல்வார் வைத்துப் பார்த்தோம். அது ஸ்டீயரிங்கில் சிக்கியது. காலால் மிதிக்கும்படி வைக்கலாம் என்றான். எங்கள் வண்டிகளில் இரண்டு காலுக்கும் வேலை உண்டு, மூன்றாவது மிதிக்கு எலி நுழையும் இடம்கூடக் கிடையாது. பட்டன் வைத்த மின்சாரச் சாதனம் வாங்கலாமே என்றான் டென்வர். எங்கள் வண்டிகளில் பாட்டரியே இல்லை, தனியாக ஒன்று வைக்க எங்கள் தடத்தின் விதி இடம் கொடுக்காது. பல்லால் கடித்து இழுக்கலாம் என்று ஒருநாள் கேலன் சொன்னான்.

"ஹெல்மெட்டுக்குள்ள உன் பல்லு எப்படிரா வெளிய வரும்? பாம்பா நீ?" என்றான் டென்வர்.

பிப்ரவரியில், தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின நாளான ஃபாஸ்ட்நாக்ட் அன்று, நான் உருளைக்கிழங்கு டோநட் பொரித்து எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனபோது, கேலன் பெல்ட் போட்டுக்கொண்டு தனியாக வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். வலது முழங்கையால் பக்கக் கம்பியை இடித்துக்கொண்டிருந்தான். டம், டம் என்று கூரையே அதிர்ந்தது.

"பெவ், இங்க என்ன பலம் இருக்கு பாரு! முழங்கைக்கு மேல நான் முழு ஆளு. லிவர் ஒண்ணு பண்ணு. நான் இடிச்சா அது திரும்பிக் கேபிளை இழுக்கட்டும்."

யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. அன்றே ஆரம்பித்தேன். வலப்பக்கக் கம்பியில் ஒரு அச்சு, அதில் ஒரு சாண் நீளக் குழாய், நுனியில் உள்ளங்கை அளவுத் தகடு. முழங்கையைப் பின்னால் இழுத்து ஒரு குத்து விட்டால் தகடு பின்னுக்குப் போகும், கேபிள் முன்னுக்கு வரும். ஓட்டும்போது தவறிப் பட்டுவிடக்கூடாதே என்று மேலே ஒரு மூடி வைக்கப் பார்த்தேன். மூடியைத் தூக்க விரல் வேண்டும். அதனால் மூடியை விட்டுவிட்டு, தகட்டை எவ்வளவு பின்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளினேன். ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பச் சொல்லி, குனிந்து பார்த்தேன். முழங்கைக்கும் தகட்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது.

சாயங்காலம் டென்வரும் வந்ததும் தராசை மாட்டினோம். கேலன் இடித்தான். முள் முப்பதைத் தாண்டிப் போய் நின்றது.

டென்வர் டோநட்டைத் தூக்கி எறிந்துவிட்டுக் கூத்தாடினான். கேலன் வண்டிக்குள்ளேயே அழுதான். "மார்லாவைக் கூப்பிடு, மார்லாவைக் கூப்பிடு" என்றான்.

அவள் கடைச் சீருடையோடு வந்தாள். கேலன் அவள் முன்னால் மறுபடி மறுபடி இடித்துக் காட்டினான். ஒவ்வொரு தடவையும் முள் தாண்டியது. மார்லா தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை நான் பார்க்க விரும்பவில்லை.

"என்ன, பேச்சைக் காணோம்?" என்றான் கேலன் சிரித்துக்கொண்டே.

"ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு சொல்லியிருந்தேனே" என்றாள். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் மாதத்தில், சீசன் தொடங்குவதற்கு முன்னால், எங்கள் கோல்டு ரன் தடத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் பயிற்சி ஓட்டம் வைப்பார்கள். வண்டியை ஏற்றிக்கொண்டு போனோம். மார்லாவும் வந்தாள், சொன்ன சொல் தவறவில்லை. வானம் மூட்டமாக இருந்தது, ஓரங்களில் பனி இன்னும் கரையாமல் அழுக்காகக் கிடந்தது. வண்டிகளைச் சோதிப்பவர் ஸ்டாம் என்ற பெரியவர். கேலன் கைகளைப் பார்த்தார், லிவரைப் பார்த்தார். தானாக வெளியே வந்து காட்டச் சொன்னார். பெல்ட்டின் பக்கிளைக் கையின் பக்கவாட்டால் தட்டி விடுவித்துக்கொண்டான். ஸ்டீயரிங்கைக் கழற்றினால்தான் வெளியே வர இடம் இருக்கும்; அதைக் கழற்றும் வளையத்துக்கு நான் காது மாதிரி இரண்டு பிடி வைத்து வெல்டிங் பண்ணியிருந்தேன். அதில் இரண்டு மணிக்கட்டையும் கொடுத்து இழுத்து, கழற்றி, மேலே ஏறி வந்தான். மெதுவாகத்தான் வந்தான்.

"இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பா வரப் பாரு, கேலன்" என்றார் ஸ்டாம். காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். அவருக்கும் அவனைப் பிடிக்கும்.

பாட்டிலின் பாதுகாப்பு ஊசியை நான் உருவினேன். வண்டிகளைத் தள்ளிக் கிளப்பிவிடும் டிரக் வந்து பின்னால் முட்டித் தள்ளியது, எஞ்சின் உறுமிப் பிடித்தது. அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியபோது எனக்கே எல்லாம் சரியாகிவிடும் போலிருந்தது. மார்லா என் பக்கத்தில், வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதல் சுற்று மெதுவாகப் போனான். இரண்டாவதில் வேகம் பிடித்தான். வண்டி பின்பக்கத்தை வெளியே வீசிக்கொண்டு, பக்கவாட்டிலேயே வளைவைக் கடந்தது. அவனுடைய பழைய ஓட்டம் அப்படியே இருந்தது. "பையன் ஓட்டுறான்யா!" என்று டென்வர் என் முதுகில் அறைந்தான்.

அப்போதுதான் நான் அவன் தோளைக் கவனித்தேன். மற்ற ஓட்டுநர்கள் மணிக்கட்டால் திருப்புவதை அவன் உடம்பால் திருப்பிக்கொண்டிருந்தான். பட்டறையில், நின்ற வண்டியில், நிதானமாகத் திருப்பினான், நான்கு விரல் இடைவெளி இருந்தது. இங்கே ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி அவனைத் தூக்கி எறிந்தது. சக்கரம் வெட்டும்போதெல்லாம் அவன் வலது முழங்கை இறக்கை மாதிரி விரிந்து பின்னால் போய் வந்தது. அந்தக் கைகளோடு அவன் ஓட்டி இதற்குமுன் யாரும் பார்த்ததில்லை, அவன் உட்பட.

"டென்வர், அவனை நிறுத்தச் சொல்லு" என்றேன். கொடி காட்டுபவரை நோக்கி டென்வர் இரண்டு அடி வைத்திருப்பான்.

மூன்றாம் வளைவில் வண்டிக்குள்ளிருந்து வெள்ளையாக ஏதோ பொங்கியது. கூண்டின் எல்லாப் பக்கமும் நுரை வழிந்தது. ஹெல்மெட் கண்ணாடி மறைந்து, அவன் குருடனாகத் தடத்தின் வெளிவிளிம்புக்குப் போய், சுவரை உரசி, ஒரு சுற்றுச் சுற்றி, தடத்தின் நடுவில் நின்றான். பார்வையாளர் மேடையில் இருந்த சிலர் கைதட்டினார்கள். "கல்யாண கேக்!" என்று யாரோ கத்தினார்கள்.

உள்ளே கேலன் அலறிக்கொண்டிருந்தான். "எரியுது! எரியுது!"

முழங்கை பட்டது அவனுக்குத் தெரியவில்லை. பாட்டில் பீய்ச்சினால் தீ என்றுதான் அர்த்தம், அவனுக்கு வேறெப்படித் தோன்றும்? காப்பாற்ற ஓடியவர்களுக்கும் தெரியவில்லை. ஒன்றும் தெரியவில்லை என்றால் தீ இல்லை என்று மெத்தனால் விஷயத்தில் நம்பிவிட முடியாது. அவர்கள் தண்ணீரைக் கொண்டுவந்து அவன்மேல் கொட்டினார்கள், மறுபடி மறுபடி கொட்டினார்கள். அவன் பெல்ட்டைத் தட்டி விடுவித்துவிட்டான். ஸ்டீயரிங் வளையம்தான் வரவில்லை. நுரையில் மணிக்கட்டுகள் வழுக்கின. குழந்தை கதவைத் தட்டுவது மாதிரி அந்த வளையத்தைத் தட்டித் தட்டிக் கதறினான். நான் போய்க் கூண்டுக்குள் கையை விட்டு அதைக் கழற்றினேன். மார்லாவும் நானும் அவனை வெளியே இழுத்தோம். ஈர மண்ணில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் அவளிடம் நீட்டினான்.

"கையைப் பாரு. மார்லா, என் கையைப் பாரு."

அவள் கையுறைகளைக் கழற்றினாள். கைகள் காலையில் இருந்தபடியே இருந்தன.

"ஒண்ணுமில்லடா. தீயே இல்ல. பாரு, ஒண்ணுமில்ல" என்றாள். அவன் நம்புவதற்கு வெகுநேரம் ஆனது. நம்பியபின் அவன் மேடைப்பக்கம் பார்த்தான். அதற்குள் சிரிப்பெல்லாம் நின்றுபோயிருந்தது.

ஸ்டாம் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "பாட்டிலை ரொப்பிக்கிட்டு அடுத்த வாரம் வா. விதிப்படி ஒரு தப்பும் இல்ல" என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

டென்வர் வண்டியை ஏற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டான். நாங்கள் மூவரும் என் பிக்கப்பில் ஒரே இருக்கையில் நெருக்கி உட்கார்ந்து திரும்பினோம். நான் ஓட்டினேன், கேலன் நடுவில். உடையில் நுரை காய்ந்து உப்பு மாதிரி உதிர்ந்தது. ஹீட்டரை முழுதாகத் திருப்பினேன். ஆற்றுப்பாலம் தாண்டியதும் அவன் பேசினான்.

"அந்தப் பெட்டியை நீ வாங்கிட்டு வந்த அன்னிக்கே, என்னால இழுக்க முடியாதுன்னு உனக்குத் தெரியும். இல்லையா?"

மார்லா பொய் சொல்லியிருக்கலாம். "தெரியும்" என்றாள்.

"பெவ், உனக்கு?"

"அப்புறமாத் தெரியும்" என்றேன்.

"சரி" என்றான். பிறகு, "நான் உன்னைக் கட்டிக்கிட்டேனே அன்னிக்கு" என்றான், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி.

மார்லா அவன் மடிமேல் கை வைத்தாள். அவன் தட்டிவிடவில்லை. அது அங்கே இருப்பதே தெரியாதவன் மாதிரி இருந்தான்.

அடுத்த வாரம் தனியாகப் பட்டறைக்கு வந்தான். "லிவரை நகர்த்து. ரெண்டு அங்குலம் பின்னால, இல்ல கீழ" என்றான். மறுக்காமல் அவனை உட்காரவைத்து பெல்ட்டை இறுக்கினேன். இந்தத் தடவை அவன் தடத்தில் ஓட்டுவது போலவே உடம்பை வீசித் திருப்பச் சொன்னேன். முழங்கை பட்ட இடத்திலெல்லாம் கம்பிமேல் சாக்பீஸால் கோடு போட்டேன். பிறகு ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு, முழங்கை பலமாக எட்டும் இடத்தையெல்லாம் இடிக்கச் சொல்லி, அங்கேயும் கோடு போட்டேன். இடது பக்கமும் அதே மாதிரி செய்தோம். முடிந்ததும் அவன் இறங்கிவந்து என் பக்கத்தில் நின்று பார்த்தான். வெள்ளைக் கோடுகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. அவன் எட்டக்கூடிய ஒவ்வொரு இடமும் அவன் முழங்கை போய்வருகிற இடம்தான்.

"நடுவுல எங்கேயுமே எடமில்லையா?"

"இல்லடா."

"நல்லாப் பாரு."

பார்த்தேன். அவன் காத்திருந்தான். "இல்ல" என்றேன் மறுபடி. தலையாட்டினான். என் தோளைக் கொக்கிக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வாசல் பக்கம் நடந்தான். அதற்குப்பிறகு பட்டறைக்குள் அவன் வரவேயில்லை. ஏப்ரலில் மலைக்கு அந்தப்பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் வண்டியை வாங்கிக்கொண்டு போனான். டென்வர் எஞ்சினைத் தன் அக்கா மகனுக்குக் கொடுத்தான். கேலனைப் பார்க்கக் கூசி, கொஞ்ச நாளில் அவன் வருவதும் குறைந்துவிட்டது.

மார்லா நினைத்தது நடந்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். அவன் இனி ஓட்டமாட்டான். தீவனக்கிடங்கில் வண்டிகளை எடைமேடையில் ஏற்றி இறக்கும் இடத்தில் உட்கார்ந்து, வருகிற ஓட்டுநர்களிடம் பெயர் கேட்கும் வேலை கிடைத்தது. போகிறான், வருகிறான். அவளிடம் பால் தீர்ந்துவிட்டது, மழை வரும்போலிருக்கிறது என்பது மாதிரிப் பேசுகிறான். விரல்களை நீட்டிவிட அவள் உட்கார்ந்தால், "வேணாம், விட்டுடு" என்கிறான். அவை இப்போது முன்னைவிட மடங்கிவிட்டன.

ஜூன் மாதம் ஒருநாள் மார்லா என்னைத் தேடி கம்பெனி வாசலுக்கே வந்தாள். "அவன் என்மேல கோவப்பட்டாத் தேவலை பெவ். ஒரு தட்டை எடுத்து எறிஞ்சாக்கூட நல்லாயிருக்கும்" என்றாள். "என்னை மன்னிச்சிட்டானாம். நேத்து சொன்னான். நாயை வெளிய விட்டாச்சான்னு கேக்கிற குரல்ல சொன்னான்."

"நாள் போனா சரியாகும்" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், நான் பேச்சை மாற்றினேன்.

போன சனிக்கிழமை சோளம் போட்ட கோழி சூப் செய்து அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போனேன். மூவரும் சமையலறையில் உட்கார்ந்தோம். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கோல்டு ரன்னில் பந்தயம் ஆரம்பித்தது. காற்று எங்கள் பக்கம் வீசினால் மேட்டைத் தாண்டி அந்த உறுமல் அப்படியே வீட்டுக்குள் வரும். வந்தது. மார்லா சட்டென்று எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனாள்.

"தொறந்தே இருக்கட்டும், உள்ள புழுக்கமா இருக்கு" என்றான் கேலன்.

அவள் ஜன்னல் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். அவன் கரண்டியைக் கொக்கி விரல்களுக்குள் செருகிக்கொண்டு குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வெளியே வண்டிகள் ஒரு சுற்று முடித்து அடுத்த சுற்றுக்கு ஏறின. அவன் அதைக் கேட்கிறானா இல்லையா என்று முகத்தைப் பார்த்து எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. ஊற்றிய சூப் தீர்ந்ததும் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினான். நான் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.